அடுத்தவன் சிங்கப்பல்

பொறாமை மனசில் வருகிற வியாதி என்றுதான் ஊரே சொல்கிறது. செங்குட்டுவனுக்கு அது பல்லில் வந்தது. பல்லில் வந்து, அங்கிருந்து மேலேறி, காதுக்கு முன்னால் தாடை மாட்டிக்கொண்டிருக்கும் மூட்டில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆள் வியாசர்பாடி. ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. வேலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், ஞானதுரை முதலாளியின் எடைமேடையில். லாரி ஏறும், எடை விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பான், லாரி இறங்கும். அதில் அவனுக்குக் குறையும் இல்லை, பெருமையும் இல்லை. பெருமையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் இருந்தது. ஏப்ரலில் தொடங்கி மே மாதம் வரைக்கும் நடக்கிற அம்பேத்கர் பிறந்தநாள் கால்பந்துக் கோப்பைக்கு மைக் பிடிப்பவன் அவன்தான். பதினாலு வருஷமாக அந்த மைக்கில் வேறு எச்சில் பட்டதில்லை.

மைதானத்து ஓரக்கோட்டை ஒட்டி ஒரு மடக்கு மேஜை போடுவார்கள். மேஜைக்கு முன்னால் மைதானம், பின்னால் சிமெண்டுப் படிக்கட்டு. படிக்கட்டில் பெண்கள், பிள்ளைகள், மூட்டுவலிக்காரர்கள். ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் செங்குட்டுவன் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். "கோலிக்கு முன்னாடி ஏழு பேரு நிக்கிறானுங்க. ரேசன் கடையில கூட இப்டி ஒழுங்கா நின்னதில்ல" என்பான். "ரெப்ரி நைனா, விசிலை ஊது. எங்க வூட்டு குக்கரு ஒன்ன விட நல்லா ஊதும்" என்பான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பு முதுகில் வந்து விழும்போது அவனுக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. பந்து அதற்குள் வேறு எங்கேயாவது போயிருக்கும்.

அந்த வருஷம் காலிறுதி ஆட்டத்தன்று விதி ட்ரெய்லர் ஏறி வந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டு வந்த வண்டி நெரிசலில் மாட்டி, லீவு நாள் மத்தியானத்துக்குத்தான் சாத்தாங்காடு வந்து சேர்ந்தது. முதலாளி போன் போட்டுவிட்டார். எடை போட்டு அனுப்பிவிட்டு பஸ் பிடித்து, இறங்கி, ஓட்டமும் நடையுமாக செங்குட்டுவன் படிக்கட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிற மைதானத்தின் பின்கேட்டுக்கு வந்தபோது உள்ளே ஸ்பீக்கர் பேசிக்கொண்டிருந்தது.

"அது பாஸ் இல்ல மாமு, பார்சலு. அட்ரஸை தப்பா எழுதி அனுப்ச்சிட்டான்."

ஜெயவேல். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டுகிற வேலை பார்க்கிறவன், இருபத்தாறு வயசு. ஆட்டத்தைப் போனில் லைவ் போடுவதற்காகக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒட்டகம் கூடாரத்துக்குள் தலையை விட்ட கதைதான். கூட்டம் சிரித்தது. அதைக்கூட செங்குட்டுவன் பொறுத்துக்கொண்டிருப்பான். கூட்டம் என்றால் யாருக்கு வேண்டுமானாலும் சிரிக்கும்.

படிக்கட்டின் நடுவில் அவன் மனைவி ரமாபாய் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா சிரிப்பு இல்லை. ஒரு கையால் பக்கத்து வீட்டுப் பூவம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை வாயில் அழுத்தி, கண்ணில் தண்ணீர் வழிய, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து செங்குட்டுவன் பார்த்ததே இல்லை. வீட்டில் அவன் ஏதாவது சொன்னால் "த்தூ" என்று உதட்டை ஓரமாக இழுப்பாள். அவ்வளவுதான் அவன் கணக்குக்கு வந்த சிரிப்பு.

அதே நேரம் பார்த்து ஜெயவேல் மேஜையிலிருந்து திரும்பினான். அந்தப் பயலுக்கு அப்படி ஒரு பழக்கம், ஒரு ஜோக்கு அடித்தால் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்து ஒரு இளி இளிப்பான். மேல்வரிசையில் இரண்டு பக்கமும் கூராகச் சிங்கப்பல் தெரிந்தது. செங்குட்டுவனுக்கு வயிற்றில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்த மாதிரி இருந்தது. மனைவி இந்தப் பல்லுக்குத்தான் மயங்கிப்போய்ச் சிரிக்கிறாள் என்று அந்த நிமிஷமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்தான். பொறாமைக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டான்.

"அந்த ஜெயவேல் பய இன்னா பேசறான்? ஒரே கலீஜா கீது."

"அந்தத் தம்பி நல்லா பேசுது" என்றாள் ரமாபாய். "மூஞ்சும் சிரிச்ச மூஞ்சி."

எரிகிற நெருப்பில் எண்ணெயை இதைவிடப் பதமாக யாரும் ஊற்ற முடியாது. கையைக் கழுவிவிட்டு செங்குட்டுவன் கண்ணாடி முன்னால் போய் நின்று வாயைத் திறந்தான். முன்பல், சிங்கப்பல், பக்கப்பல் எல்லாம் ஒரே மட்டத்தில் தேய்ந்து, வழுவழுவென்று, கத்தரித்துவிட்ட காகிதம் போல இருந்தன. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் அவனுக்கு ரொம்ப நாளாக உண்டு. "மணலை அரைக்கிற மாதிரி சத்தம், பக்கத்துல படுக்க முடியல" என்று ரமாபாய் திட்டியிருக்கிறாள். கூராக இருந்ததெல்லாம் அப்படித்தான் தேய்ந்து போயிருந்தது.

முதலாளி ஞானதுரையின் மகள் ஷெர்லின் பல் டாக்டர். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறாள். பாவாடை சட்டையில் எடைமேடை மேல் ஏறி நின்று தன் எடையைப் பார்த்த காலத்திலிருந்து அவளை செங்குட்டுவனுக்குத் தெரியும். மறுநாள் வேலை முடிந்ததும் அங்கே போய், நாற்காலியில் சாய்ந்து, போனை எடுத்து நீட்டினான். லைவ் வீடியோவை நிறுத்தி, ஜெயவேல் இளிக்கிற இடத்தைப் பெரிதாக்கிப் பிடித்த படம்.

"டாக்டரம்மா, இந்தப் பல்லு எனக்கு வோணும்."

ஷெர்லின் படத்தைப் பார்த்தாள், அவன் வாயைப் பார்த்தாள். "இவர் யாரு அண்ணே?"

"தெரிஞ்ச பையன். மைக்கு பிடிக்கிறேன்ல, மூஞ்சி பளிச்சுனு இருக்கணும்."

அவள் விரல்களை அவன் காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னாள். பிறகு பொறுமையாகவே சொன்னாள்.

"உங்க பல்லெல்லாம் தேஞ்சு தட்டையா இருக்கு. தாடை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தாராளமா போய்ப் பழகிடுச்சு. சிங்கப்பல்லை நீட்டிவிட்டா அது வழியை மாத்தும். நம்ம எடைமேடைக்கு ரெண்டு பக்கமும் கம்பி நட்டிருக்கோம்ல, எதுக்கு? லாரி நேரா ஏறணும்னுதானே? கம்பி நடுற இடம் தப்பானா என்ன ஆகும்?"

"முன்சக்கரம் இடிக்கும்."

"முன்சக்கரம் இடிச்சா?"

"பின்னால ஆக்சில் முறுக்கிக்கும்" என்றான் செங்குட்டுவன். அவனுக்குத் தெரியாத லாரியா?

"அதேதான். பல்லுதான் கம்பி. இந்தா, காதுக்கு முன்னால இருக்கிற மூட்டுதான் ஆக்சில். பல்லு எப்படி வழி விடுதோ அப்படித்தான் தாடை அசையும். அதனால கொஞ்சமா நீட்டுறேன். உரசுற இடத்தை ராவி, தாடை வழுக்கிப் போற மாதிரி சரி பண்ணித் தரேன். ஒரு வாரம் கழிச்சு வாங்க, திரும்பப் பார்க்கணும். சம்மதமா?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பல் நிறத்தில் இருக்கும் பசையை வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்து, அவள் இரண்டு பக்கமும் கூராகச் சிங்கப்பல் செய்து முடித்தாள். கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். செங்குட்டுவன் பார்த்தான். ஜெயவேல் பல் தன் வாயிலிருந்து சிரிப்பதைப் பார்த்து நெஞ்சு குளிர்ந்துபோனான்.

பிறகுதான் வினை. ஷெர்லின் ஒரு நீலக் காகிதத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்து, "தட்டுங்க" என்றாள். தட்டினான். "அப்படியே பல்லை ஒட்டினபடி தாடையை வலது பக்கம் தள்ளுங்க." தள்ளினான். காகிதம் பட்ட இடத்தில் சிங்கப்பல் நுனியில் நீலமாக ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடு விழுந்த இடத்தை அவள் மெஷினை வைத்து லேசாக ராவினாள். நுனி ஒரு மயிரிழை குறைந்தது.

செங்குட்டுவனுக்கு உயிரே ராவப்பட்ட மாதிரி இருந்தது. நீலம் விழுந்தால் ராவுகிறாள், விழாவிட்டால் ராவமாட்டாள். இவ்வளவுதானே சூத்திரம்? எடைமேடையில் தினம் பார்க்கிற வித்தை அவனுக்கு நினைவு வந்தது. சில லாரி டிரைவர்கள் ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே, தரையில் ஊன்றி நிறுத்திக்கொண்டு "எடை போடு" என்பார்கள். எடை குறைத்துக் காட்டும். அவர்களைப் பிடித்து இறக்குவதுதான் செங்குட்டுவனின் பிழைப்பு. இப்போது அவனே அந்த வேலையைச் செய்தான். ஷெர்லின் "இடது பக்கம் தள்ளுங்க" என்றபோது கீழ்ப்பல்லை மேல்பல்லில் ஒட்டாமல், நூலிழை இறக்கி, அந்தரத்திலேயே தாடையைத் தள்ளினான். காகிதம் சுத்தமாக வெளியே வந்தது. வலது பக்கமும் அப்படியே.

"ஆச்சரியமா இருக்கே" என்றாள் அவள், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "நல்லா ஒட்டித்தானே தள்ளினீங்க?"

"ஒட்டித்தான்மா" என்று கர்த்தர் படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்து வாய்கூசாமல் சொன்னான். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் கட்டாயம் வரவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். அவன் போகவில்லை. போனால் ராவிவிடுவாளே.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டாயிற்று. சூடு போட்ட பூனையை யாராவது பார்க்க வேண்டுமே. செங்குட்டுவன் ரமாபாய் முன்னால் காரணம் இல்லாமல் சிரித்தான். குழம்புக்கு உப்பு கேட்டுச் சிரித்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவள் சொன்னதற்கும் சிரித்தான்.

"இன்னாத்துக்கு இளிச்சிக்கினே கீற? யாராவது செத்துட்டாங்களா, வூட்ட எழுதி வச்சிட்டு?" என்றாள் அவள். பல்லைப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அரையிறுதி. செங்குட்டுவன் நேரத்துக்கு முன்பே போய் மேஜையைப் பிடித்துக்கொண்டான். ஜெயவேல் பக்கத்தில் நின்று, "ண்ணா, நான் செகண்ட் ஆஃப் கொஞ்சம் பேசட்டா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். "லைவ் போடுற வேலைய பாரு" என்று செங்குட்டுவன் வெட்டிவிட்டான். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினான். வாய் விரிகிற மட்டும் விரித்து "கோ...ல்" என்று இழுத்தான். இழுத்து முடிக்கும்போது காதுக்கு முன்னால் டொக்கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு டொக். மைக்கை ஒட்டியே பேசியதால் அது ஸ்பீக்கரிலும் கேட்டது. சவுண்ட் சர்வீஸ் உபைதுல்லா பாய் ஓடிவந்து வயரைப் பிடுங்கி மாட்டினார், ஊதிப் பார்த்தார், மைக்கையே மாற்றினார். டொக் போகவில்லை. வயரில் இருந்தால்தானே போகும்?

அன்று இரவு பீஃப் பக்கோடாவை மெல்லும்போது வலி தெரிந்தது. முன்பெல்லாம் மாவரைக்கிற கல் மாதிரி தாடை பக்கவாட்டில் சுற்றும். இப்போது பக்கவாட்டில் போகப் பார்த்தால் சிங்கப்பல் இடித்து நிறுத்தியது. மேலும் கீழும் மட்டும், கிளி கொத்துகிற மாதிரி மெல்ல வேண்டியிருந்தது. தூக்கத்தில் பழைய பழக்கத்துக்குத் தாடை அரைக்கப் போக, புதுப்பல் தடுக்க, விடிகிற வரைக்கும் இரண்டுக்கும் சண்டை. காலையில் கன்னப்பொறி இரண்டும் கல்லாக இருக்கும். மூன்றாம் நாள் காலையில் எழுந்து கொட்டாவி விட்டான். பாதியில் வாய் நின்றுவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. பல் தேய்க்கிற பிரஷ் படுக்கை வசத்தில்தான் உள்ளே போயிற்று.

அடுத்த ஞாயிறு ஃபைனல். குளியல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு "கோல்" என்று சொல்லிப் பார்த்தான். "கூல்" என்று வந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையை விட ஆத்திரம். இனி மைக் யார் கைக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியாதா?

மானத்தைவிட்டு ஷெர்லினிடம் போனான். அவள் மூட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நீலக் காகிதத்தை எடுத்தாள்.

"இப்ப நிஜமா ஒட்டித் தள்ளுங்க."

தள்ளினான். முடிந்த மட்டும் தள்ளினான். காகிதத்தை எடுத்தபோது இரண்டு சிங்கப்பல்லும் முகத்தில் மை பூசிவிட்ட மாதிரி நீலமாக இருந்தன.

"அன்னைக்கு எப்படி விழாம போச்சு?"

அவன் கூரையைப் பார்த்தான். "ஒரு சக்கரத்தை வெளிய நிறுத்திட்டேன்மா" என்றான் திறக்காத வாயால்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எங்கப்பாகிட்ட லாரிக்காரன் பண்ற திருட்டை என்கிட்ட பண்ணியிருக்கீங்க. நஷ்டம் யாருக்கு அண்ணே?" என்றாள். பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். மூட்டுக்குள்ளே எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் சின்ன மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. தாடையோடு கூடவே அது வழுக்கிப் போய்வர வேண்டும். அது இடம் பிசகி முன்னால் நின்றுகொண்டது. அதனால்தான் முதலில் டொக், பிறகு பூட்டு.

"பல்லு ஒண்ணுதான் குத்தவாளின்னு சொல்லமாட்டேன். தூக்கத்துல கடிக்கிறீங்க, வாயைப் பிளந்து கத்துறீங்க, அதுக்கு மேல நான் கம்பி நட்டேன், நீங்க அதைச் சரி பண்ண விடல. எல்லாம் சேர்ந்துதான்."

"அந்தப் பையனுக்கு மட்டும் எப்படிமா ஒண்ணும் ஆவல? அதே பல்லுதானே?"

"அது அவர் வாயில முளைச்ச பல்லு. அந்தப் பல்லைப் பார்த்துப் பார்த்தே அவர் தாடை பழகியிருக்கும். உங்க தாடை உங்க பல்லுக்குப் பழகினது." மெஷினை எடுத்தாள். "இந்தப் பல்லு எதுக்கு உங்களுக்கு? உண்மையைச் சொல்லுங்க."

செங்குட்டுவன் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு வாய் இரண்டு விரல் என்ன, இரண்டு முழம் திறந்தாலும் போதாது.

அவள் சிங்கப்பல்லின் கூர்முனையை ராவித் தட்டையாக்கினாள். தாடை மெதுவாகப் பக்கவாட்டில் போயிற்று, இடிக்கவில்லை. இரவில் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு அளவெடுத்தாள். சில வாரத்துக்கு மெத்தென்று சாப்பிட வேண்டும், கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும், கத்தவே கூடாது. கத்தினால் பூட்டு நிரந்தரமாகிவிடலாம் என்றாள்.

"ஞாயித்துக்கிழம ஃபைனலுமா."

"வேற யாராவது பேசட்டும் அண்ணே. ஒரு நாள்தானே?"

ஒரு நாள்தான். ஆனால் எந்த ஒரு நாள்?

ஃபைனல் அன்று மைதானத்தில் எள் போட இடமில்லை. கமிட்டித் தலைவர் அப்பாவு, செங்குட்டுவன் வாயைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மைக்கை ஜெயவேல் கையில் கொடுத்தார். ஜெயவேல் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ண்ணா, நீ பக்கத்துல குந்து. காதுல சொல்லு, நான் பேசறேன்."

நல்ல மனசோடுதான் கேட்டான். அந்த நல்ல மனசுதான் செங்குட்டுவனை இன்னும் சுட்டது. எதிரி கெட்டவனாக இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம். "வோணாம்" என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். வீட்டுக்கே போய்விடலாம் என்றுதான் நடந்தான். போனால், இங்கே ரமாபாய் அந்தப் பயலுக்குச் சிரிப்பதை யார் பார்ப்பது? அந்தக் கொதிப்பு காலைப் பிடித்து நிறுத்தியது. படிக்கட்டில் ஏறி, பூவம்மாவை நகரச் சொல்லி, ரமாபாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஃபைனலில் பெண்டாட்டி பக்கத்தில் உட்காருவது அவனுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை. சிமெண்டு சூடாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. செங்குட்டுவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. திருடனைக் காவல் காக்கிற மாதிரி மனைவியின் முகத்தையே பார்த்தான்.

"பந்து காலுக்கு வந்துச்சு, இவன் ஜாதகம் பாத்துக்கினு கீறான். உதை மாமு, நல்ல நேரம் முடியப் போவுது" என்றான் ஜெயவேல்.

ரமாபாய்க்கு முதலில் தோள் ஆடியது. பிறகு முந்தானை வாய்க்குப் போயிற்று. பிறகு கண்ணில் தண்ணீர். கையால் துழாவிப் பிடிக்கத் தோள் தேடினாள். பூவம்மா தள்ளி இருந்ததால் கிடைத்தது செங்குட்டுவன் தோள். அதைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அவள் குலுங்குவது அவன் உடம்புக்குள்ளும் குலுங்கியது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் அவள் மூக்கு சுருங்கி, கன்னத்தில் ஒரு சின்னக் குழி விழுந்தது. அப்படி ஒரு குழி இருப்பது அவனுக்கு இத்தனை நாள் தெரியாது. இந்தக் குழியை அந்தப் பயல் காலிறுதியன்றே திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறானே என்று நினைத்ததும் தாங்கவில்லை.

"அவன் பேசுனாதான் இப்டி சிரிப்பு வருதா ஒனக்கு?" என்றான். பல்லுக்கு நடுவில் வந்ததால் குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

ரமாபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். இரண்டு வாரமாக அவன் வாயில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதெல்லாம் அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது போலிருந்தது.

"யோவ். பதினாலு வருசமா இதே எடத்துல குந்திக்கினு சிரிக்கிறேன். வவுறு வலிக்க சிரிக்கிறேன். நீ எங்க திரும்பிப் பாத்த?"

"சும்மா சொல்லாத. வூட்ல ஒரு நாளு சிரிச்சியா?"

"வூட்ல நீ எங்க பேசுற? உப்பு கொண்டா, தண்ணி கொண்டான்றதுக்கு இன்னா சிரிக்கறது?"

பூவம்மா அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினாள். "அத்த கேளு. ஒரு தபா நீ, ரெப்ரிய வூட்டு குக்கரோட சேத்துச் சொன்னியே, அன்னிக்கி ஒம் பொண்டாட்டி சிரிச்சி சிரிச்சி ரெண்டு படி உருண்டா. நான்தான் புட்ச்சி தூக்குனேன். கீழ மைக்குல நீ கத்திக்கினு கீற. திரும்பவே இல்ல."

செங்குட்டுவன் கீழே பார்த்தான். மடக்கு மேஜை, மைக், ஜெயவேலின் முதுகு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் படிக்கட்டு தெரியாது. இன்றைக்கு முன்னால் அவன் மைக் பிடிக்காத ஒரே ஒரு நாள்தான் அவன் பின்கேட்டு வழியாக வந்தான். அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குப் பேசியது வேறொருத்தன். அதில் சிங்கப்பல்லுக்கு ஒரு வேலையும் இல்லை.

அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயவேல் மேலிருந்த எரிச்சல் அப்படியே எழுந்து போய், முந்திரிக்கொட்டை மாதிரி தலையை நீட்டிக்கொண்டிருந்த பூவம்மா மேல் உட்கார்ந்தது. பதினாலு வருஷம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் சொன்ன ஒவ்வொரு ஜோக்குக்கும் விழுந்த அந்தக் குழியை, வழிந்த அந்தக் கண்ணீரை, இந்தப் பொம்பளை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவனுக்காகச் சிரித்த சிரிப்பு முழுக்க இவள் தோளில் விழுந்திருக்கிறது.

மைதானம் திடீரென்று எழுந்தது. யாரோ கோல் போட்டிருந்தார்கள். ஜெயவேல் "கோ...ல்" என்று இழுக்க, ஆயிரம் பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஜெயவேல் வழக்கம் போலத் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்து இளித்தான். செங்குட்டுவன் அவனைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்க்கவில்லை. கத்தக்கூடாது என்று மோவாயைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பூவம்மா பார்க்க முடியாதபடி தோளைக் குறுக்கே போட்டு மறைத்து, ரமாபாய் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.